குளிர் நாட்டுல வீட்டு அக்வாபோனிக்ஸ்: ஹீட்டர் வாங்குறதுக்கு முன்னாடி புரிஞ்சிக்க வேண்டியது

நம்ம மலேசியா பக்கம், கேஎல்லா இருக்கட்டும் பினாங்கா இருக்கட்டும், மீனையும் செடியையும் ஒரே தண்ணியில வளக்கிற அக்வாபோனிக்ஸ் பத்திப் பேச்சு வந்தா எல்லாரும் ஒரே வரியில முடிச்சிடுறாங்க, மீனு கழிவு போடும், செடி அத சாப்பிடும், உரம் வேணாம், வேலை இல்ல, மீனும் கிடைக்கும் கீரையும் கிடைக்கும்னு. வீட்டுக்குப் பின்னால நீல டிரம்ல திலாப்பியா விட்டு மேல கங்கோங் கீரை வளக்கிறவங்க தாமான் வீடுகள்ல இருக்காங்க, அவங்களுக்கு இந்த ஒரு வரி போதும், ஏன்னா நம்ம ஊரு வெயிலே பாதி வேலையப் பாத்துடுது. அந்த வீடியோவ அப்படியே வாட்ஸ்அப்ல டொராண்டோவுல இருக்கிற அக்கா மகனுக்கு அனுப்பும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்குது. அவனும் ஆசையா கட்டுறான், டிசம்பர்ல ஃபோன் பண்ணி, "மாமா, செடியெல்லாம் மஞ்சளா போகுது, திலாப்பியா அடியில அசையாம கிடக்குது, பெரிய ஹீட்டரா ஒன்னு வாங்கிப் போடவா?"னு கேக்குறான்.

குடும்ப குரூப்ல ஆளுக்கு ஒரு பதில். ஒருத்தரு குளிர்ந்த தண்ணியில வளர்ற டிரவுட் மீன் விடச் சொல்றாரு, ஒருத்தரு கிரீன்ஹவுஸ் கட்டச் சொல்றாரு, இன்னொருத்தரு ரெண்டு ஹீட்டர் போடச் சொல்றாரு. எல்லாருமே குளிர மீனோட பிரச்சனையா பாக்குறாங்க. என்னக் கேட்டா குளிரு முதல்ல பாக்டீரியாவோட பிரச்சனை, அடுத்து வெளிச்சத்தோட பிரச்சனை, மீனு மூணாவதுதான். இந்த வரிசை புரிஞ்சிட்டா என்ன வாங்கணும், என்ன வாங்க வேணாம்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

தோசை மாவுல இருந்து ஆரம்பிப்போம்

ராத்திரி அரைச்சு வச்ச தோசை மாவ யோசிச்சுப் பாருங்க. கேஎல் செந்தூல்ல சமையக்கட்டு மேசையில வச்சா விடியறதுக்குள்ள பொங்கி சட்டியத் தாண்டி வழியும். அதே மாவ ஃபிரிட்ஜ்ல வச்சா மூணு நாலு நாள் ஆனாலும் பெருசா மாறாது. டொராண்டோவுல ஜனவரியில மாவு பாத்திரத்த ஓவனுக்குள்ள வச்சு ஓவன் லைட்ட மட்டும் போட்டு விடுவாங்க, இல்லாட்டி காலையில தோசை கிடையாது. அரிசியும் உளுந்தும் அதேதான், உள்ள வேலை செய்யிற நுண்ணுயிருங்க குளிர்ல மெதுவாகிடுது. சாகல, மெதுவாகுது. மீன் டேங்க்ல நடக்கிறதும் இதேதான். என்ன, மாவு புளிக்கலன்னா ஒரு வேளை தோசையோட போச்சு, டேங்க்ல அந்த வேலை நடக்கலன்னா மீனு சாகும்.

உள்ளுக்குள்ள உண்மையில என்ன நடக்குது

செடி மீனோட கழிவ நேரா சாப்பிடுதுன்னு சொல்றது சரியில்ல. மீனு தீனி சாப்பிட்டதும் அதுல இருக்கிற புரதத்தோட மிச்சம் பெரும்பாலும் செவுள் வழியா அம்மோனியாவா வெளிய வருது. அம்மோனியான்னா நைட்ரஜன் இருக்கிற ஒரு கழிவு, தண்ணியில கொஞ்சம் சேந்தாலே மீனுக்கு விஷம். இத ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்துது, அதுவும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்துது, இது மீன அவ்வளவா பாதிக்காது, செடிக்கு அருமையான உரம். இந்த ரெண்டு படி மாற்றத்துக்குப் பேருதான் நைட்ரிஃபிகேஷன்.

இந்த பாக்டீரியா தண்ணியில மிதந்துக்கிட்டு இருக்கிறது ரொம்ப கம்மி, ஏதாவது ஒன்னு மேல ஒட்டிக்கிட்டுதான் வாழும், டேங்க் சுவரு, பைப் உள்பக்கம், முக்கியமா குரோ பெட்ல இருக்கிற கல்லு. குரோ பெட்னா செடி நிக்கிற தொட்டி, அதுல சரளைக் கல்லோ சுட்ட களிமண் உருண்டையோ சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பியிருப்பாங்க, பம்ப் தண்ணிய மேல ஏத்தும், நிரம்பினதும் தானா வடிஞ்சு டேங்க்குக்கே திரும்பிடும். நிரம்பி வடியறதுல ரெண்டு லாபம், கல்லுக்கு ஈரமும் கிடைக்குது, வடியும்போது காத்தும் உள்ள போகுது, இந்த பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இல்லாம முடியாது.

புது டேங்க்ல இந்த பாக்டீரியா போதுமான அளவு இருக்காது. அது வந்து குடியேறுற காலத்துக்கு சைக்கிளிங்னு பேரு, தண்ணி 25 டிகிரி பக்கம் இருந்தா பொதுவா நாலுல இருந்து ஆறு வாரம் பிடிக்கும். அது முடியாம மீன் நிறைய விடுறதுதான் ஆரம்பிக்கிறவங்க மீன பலி கொடுக்கிற முதல் வழி, இது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

சுருக்கமா, தீனி மீனுக்குள்ள போகுது, அம்மோனியா வெளிய வருது, கல்லுல இருக்கிற பாக்டீரியா அத நைட்ரேட்டா மாத்துது, செடி அத எடுத்துக்குது. நாம உண்மையில வளக்கிறது மூணு உயிரு, கண்ணுக்குத் தெரியாததுதான் நடுவுல நின்னு எல்லாத்தையும் தாங்குது.

தண்ணி குளிர்ந்தா மூணும் ஒரே வேகத்துல குறையாது

இதுதான் இந்தக் கட்டுரையோட நெஞ்சுப் பகுதி, அதனால கொஞ்சம் நின்னு படிங்க.

நைட்ரிஃபிகேஷன் பாக்டீரியாவுக்கு 17ல இருந்து 34 டிகிரி வரைக்கும் வசதி. அதுக்குக் கீழ போனா வேகம் இறங்கும், 10 டிகிரிக்குக் கீழ பாதிக்கும் மேல வேலை நின்னு போகும். திலாப்பியா 27ல இருந்து 30 டிகிரியில நல்லா வளரும், 17, 18க்கு வந்தாலே தீனிய தொடாம அடியில படுத்துக்கும், இன்னும் இறங்கினா செத்துடும். அக்கா மகன் வீட்டு பேஸ்மெண்ட்ல தண்ணி 16 டிகிரி, அதான் மீனு அசையல, அதுக்கு நோயும் இல்ல ஒன்னும் இல்ல. செடி மஞ்சளானதுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு, மீனு சாப்பிடல, அம்மோனியா வரல, வந்த கொஞ்சத்தையும் பாக்டீரியா மெதுவா மாத்துது, அதனால நைட்ரேட் இல்ல, குளிர்ந்த வேரும் சத்த சரியா உறிஞ்சாது. மிச்சப் பங்கு வெளிச்சத்தோடது, அதுக்கு அப்புறம் வரேன்.

இப்ப ஆபத்தான இடம். குளிர்ல மெதுவான அமைப்பு மெதுவாவே ஓடிட்டா பெருசா கெடுதல் இல்ல. கெடுதல் வர்றது சூடு திரும்பும்போது. ஏப்ரல்ல ஒரு வாரம் நல்லா வெயிலடிச்சா மீனுக்கு உடனே பசி எடுக்கும், நாமளும் பாவம் இத்தன மாசம் சாப்பிடலயேன்னு கை நிறைய தீனி போடுவோம், ஆனா பாக்டீரியா கூட்டம் குளிர்காலம் பூரா தீனி குறைஞ்சு சுருங்கிப் போயிருக்கும், அது பழைய எண்ணிக்கைக்கு வர வாரக்கணக்காகும். அந்த இடைவெளியில அம்மோனியா ஏறுது. இன்னொன்னும் சேந்துக்குது, அம்மோனியா தண்ணியில ரெண்டு உருவத்துல இருக்கும், ஒன்னு கடும் விஷம், இன்னொன்னு சாது, தண்ணி சூடாக ஆக விஷமான பங்கு கூடும். தண்ணியோட புளிப்பு காரத்த காட்டுற பிஎச் அளவு 8ல இருந்தா, 10 டிகிரி தண்ணியில விஷப் பங்கு 2 சதவீதத்துக்கும் கம்மி, 25 டிகிரியில அது சுமார் 5 சதவீதம். அதே அளவு அம்மோனியாதான், குளிர்ல ஒன்னும் பண்ணாதது வசந்தத்துல கொல்லுது. "குளிர்காலம் முழுக்க தாங்குச்சு மாமா, வெயில் வந்ததும் செத்துடுச்சு"ன்னு சொல்றவங்க கதை பல நேரம் இதுதான்.

நம்ம ஊருல பிரச்சனை நேர் எதிர். 30 டிகிரி தண்ணி ஒரு லிட்டர்ல சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடிக்கும், 10 டிகிரி தண்ணி 11க்கும் மேல பிடிக்கும். அதனால இங்க விடிகாலையில மூச்சு முட்டி மீன் மேல வந்து வாயைத் திறக்கிறதப் பாக்கிறோம், அங்க அந்தக் கவலை கம்மி. இங்க உள்ள ஆளோட அனுபவம் அங்க அப்படியே செல்லுபடியாகாததுக்கு இது ஒன்னே போதும்.

சின்னதா மறுபடி: குளிர்ல மூணு உயிரும் மெதுவாகும், ஆனா திரும்பி எழும்போது மீனு முன்னாடி ஓடும், பாக்டீரியா பின்தங்கும். குளிர்காலத் திட்டம்னா அந்த ஓட்டத்த சமமா வச்சிக்கிறதுதான்.

சூடு எங்க போய் தொலையுது

ஹீட்டர் கேள்விக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணிய ஒரு டிகிரி ஏத்த 1.16 வாட் ஹவர் வேணும். 200 லிட்டர் டேங்க்க 10 டிகிரி ஏத்த சுமார் 2.3 யூனிட் கரண்டு, ஒரு தடவை ஏத்துறதுக்கு இது ஒன்னும் பெரிய காசு இல்ல. ஏத்தினது நிக்கணுமே, அதுதான் செலவு.

சூடு முக்கியமா டேங்க் சுவரு வழியா போகுதுன்னு நினைச்சு எல்லாரும் டேங்க்க மட்டும் சுத்தி மூடுறாங்க. குரோ பெட்ட யாரும் பாக்கிறது இல்ல. அது அகலமா, ஆழம் கம்மியா, மேல திறந்து கிடக்கு, அதுக்குள்ள மணிக்கொரு தடவை நாம காசு கொடுத்து சூடாக்கின தண்ணிய ஏத்தி குளிர்ந்த கல்லு மேல பரப்பி வடிச்சு எடுக்குறோம், கார் ரேடியேட்டர் பண்ற அதே வேலை. வீடியோ கால்ல அவன ஒரு தெர்மாமீட்டர டேங்க்லயும் இன்னொன்ன கல்லுக்குள்ளயும் சொருகச் சொன்னேன், டேங்க்ல 16, ஜன்னல் பக்கம் இருக்கிற பெட் மூலையில 12. அந்த ஜன்னல் கண்ணாடியில உள்பக்கம் தண்ணி முத்து முத்தா வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அந்தத் தண்ணி எங்க இருந்து வந்துச்சு, டேங்க்ல இருந்துதான்.

ஆவியாகுறதுதான் பெரிய திருடன். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகிப் போகும்போது சுமார் 0.68 யூனிட் அளவு சூட்ட கூடவே எடுத்துட்டுப் போகுது. 200 லிட்டர்ல ஒரு லிட்டர் அப்படிப் போனா, வேற எங்க இருந்தும் சூடு வரலன்னா, மிச்சத் தண்ணி கிட்டத்தட்ட 3 டிகிரி இறங்கிடும். அதனால ஹீட்டர் வாங்குறதுக்கு முன்னாடி மூடி வாங்குங்க. நம்ம பாசார்ல மீன் வந்து இறங்குற வெள்ளை போலிஸ்டைரின் பெட்டி தெரியும்ல, அந்தப் பொருள்தான் அங்க ஹார்ட்வேர் கடையில பெரிய பலகையா கிடைக்குது, டேங்க் மேல, பக்கத்துல, முக்கியமா அடியில, சிமெண்ட் தரைக்கும் டேங்க்குக்கும் நடுவுல ஒரு பலகை வைங்க. மேல மூடும்போது காத்துக் குழாய்க்கு ஒரு ஓட்டை விடுங்க. குரோ பெட் ஜன்னல விட்டு நகரட்டும், பக்கச் சுவருக்கும் பலகை கட்டுங்க. பேஸ்மெண்ட்ல பூஞ்சை பிடிக்கிற தொல்லையும் இதுல பாதி குறையும்.

பெரிய டேங்க் சூட்ட அதிக நேரம் பிடிச்சு வைக்கும், இதுவும் உண்மை. 1976ல கனடாவோட பிரின்ஸ் எட்வர்ட் தீவுல "ஆர்க்"னு ஒரு சோதனை வீடு கட்டினாங்க, அமெரிக்காவோட நியூ ஆல்கெமி இன்ஸ்டிடியூட் வடிவமைச்சது, அதுல கிரீன்ஹவுஸுக்குள்ள மீன் வளக்குற தண்ணித் தொட்டிங்களே பகல் வெயில பிடிச்சு வச்சு ராத்திரிக்கு விடுற சூட்டுப் பெட்டியாவும் இருந்துச்சு. நல்ல யோசனைதான், ஆனா அது அதுக்குன்னே கட்டின கட்டடம், வீட்டு பேஸ்மெண்ட்ல ஆயிரம் லிட்டர் வைக்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், ஆயிரம் லிட்டர்னா ஒரு டன் எடை.

எந்த வழிய தேர்ந்தெடுக்கிறது

வெளிய வச்சு மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஓட்டிட்டு குளிருக்கு முன்னாடி மூடிடலாம், இது மலிவு, ஆனா வருஷா வருஷம் சைக்கிளிங் முதல்ல இருந்து. குளிர அப்படியே ஏத்துக்கிட்டு டிரவுட் மாதிரி மீன் வளக்கலாம், அதுக்கு 14, 15 டிகிரி சொகுசு, ஆனா ஆக்சிஜன் நிறைய கேக்கும், கோடையில தண்ணி 20 தாண்டினா அது தவிக்கும், அப்ப குளிர வைக்க மெஷின் வாங்கணும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இது வேணாம்.

நான் சொல்றது மூணாவது வழி, வீட்டுக்குள்ள சின்னதா. அதுலயும் ஒரு கோணம் இருக்கு. அங்க வீட்ட எப்படியும் 20, 21 டிகிரிக்கு சூடாக்கி வச்சிருக்காங்க, அதுக்குக் காசு ஏற்கனவே கட்டியாச்சு. அப்ப மீனுக்காக தண்ணிய 28க்கு ஏத்தாம, வீட்டுச் சூட்டுக்கு ஒத்துப்போற மீனயும் செடியயும் எடுத்துக்கிறதுதான் புத்தி. 18ல இருந்து 22 டிகிரிக்குள்ள கோல்ட்ஃபிஷ் சந்தோஷமா இருக்கும், பாக்டீரியாவும் வசதி எல்லைக்குள்ள இருக்கும், கொத்தமல்லி, புதினா, லெட்டூஸ், சாவிங்கிற கடுகு இனத்துக் கீரை எல்லாத்துக்கும் அந்தக் குளிர்ச்சி பிடிக்கும். கொத்தமல்லி நம்ம வெயில்ல சீக்கிரம் பூத்து வீணாகுது, அங்க தழைச்சு நிக்கும், இதுல அவங்க நம்மள விடக் கொடுத்து வச்சவங்க. கங்கோங், வெண்டிக்காய், கறிவேப்பிலை ஆசைய குளிர்காலத்துல விட்டுடுங்க.

கோல்ட்ஃபிஷ சாப்பிட முடியாதேன்னு அக்காவுக்கு வருத்தம். உண்மைதான். திலாப்பியாதான் வேணும்னா முழு அமைப்பும் 25க்கு மேல நிக்கணும், அத முதல் குளிர்காலம் தாண்டினப்புறம் யோசிக்கட்டும், அந்த மாகாணத்துல எந்த மீன வீட்டுல வளக்க அனுமதி இருக்குன்னு விசாரிச்சிட்டும்தான் செய்யணும்.

எவ்வளவு பெருசா

அடிப்படை எண்ணிக்கை மீனோட தலை கிடையாது, தினமும் போடுற தீனி. ஒரு சதுர மீட்டர் கீரைக்கு ஒரு நாளைக்கு 40ல இருந்து 50 கிராம் தீனி. மீனு தன் எடையில ஒன்னு ரெண்டு சதவீதம் சாப்பிடும்னு வச்சா 3 கிலோ மீனுக்கு சுமார் 45 கிராம், 3 கிலோ மீனுக்கு 200 லிட்டர் டேங்க் போதும், நெருக்கடி இல்லாம இருக்கும். ஆக 200 லிட்டர் டேங்க், ஒரு சதுர மீட்டர் பெட், இது ஒரு நல்ல ஆரம்ப ஜோடி.

இந்தக் கணக்கெல்லாம் சூடான தண்ணிய மனசுல வச்சுப் போட்டது. அக்வாபோனிக்ஸ்ல நிறைய பேரு பின்பத்துற முறைங்க 1980கள்ல இருந்து வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்துல ஜேம்ஸ் ராக்கோசி குழு செஞ்ச வேலையில இருந்து வந்தது, அது கரீபியன், வெயிலு நம்ம ஊரு மாதிரி. அதனால குளிர் நாட்டுல அமைப்ப ஜூலைக்கு ஏத்த மாதிரி இல்லாம ஜனவரிக்கு ஏத்த மாதிரி கணக்குப் போடுங்க, முதல் குளிர்காலத்துல மேல சொன்ன மீனுல பாதிதான் விடணும். தீனியும் தெர்மாமீட்டரப் பாத்துதான், 15 டிகிரிக்குக் கீழ போனா கோல்ட்ஃபிஷுக்கு கொஞ்சமா, 10க்குக் கீழ போனா வேணவே வேணாம். சூடு திரும்பும்போது வாரத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, அம்மோனியா, நைட்ரைட் டெஸ்ட் கிட் கையில இருக்கணும்.

ஹீட்டருக்கு ஒரு உருப்படியான வேலையும் இருக்கு, சைக்கிளிங் நடக்கும்போது. மீன் விடுறதுக்கு முன்னாடி தண்ணிய 25க்கு ஏத்தி பாக்டீரியாவ குடியேத்திட்டு, அப்புறம் நாளுக்கு ஒரு டிகிரியா வீட்டுச் சூட்டுக்கு இறக்கலாம். குளிர்ந்த தண்ணியிலயே ஆரம்பிச்சா ரெண்டு மாசம் தாண்டியும் இழுக்கும். தெரிஞ்சவங்க கிட்ட நல்லா ஓடுற மீன் டேங்க் இருந்தா அவங்க ஃபில்டர் பஞ்சுல ஒரு துண்டு வாங்கிப் போடுங்க, வாரக்கணக்கு மிச்சம்.

வெளிச்சமும் தண்ணியும்

கேஎல்ல வருஷம் பூரா பகல் 12 மணி நேரம் பக்கம். டொராண்டோவுல டிசம்பர் கடைசியில 9 மணி நேரம் கூட முழுசா கிடையாது, அதுவும் பேஸ்மெண்ட் ஜன்னல்ல வர்ற வெளிச்சம் கீரைக்கு வெளிச்சமே இல்ல. தண்ணி சூடா இருந்து வெளிச்சம் இல்லன்னா செடி வளராது, நைட்ரேட் தேங்கும், இலை வெளுத்து தண்டு மட்டும் நீண்டு சாயும். எல்இடி குரோ லைட் போட்டு டைமர்ல 14ல இருந்து 16 மணி நேரம் விடுங்க. ரெண்டுல ஒன்னுக்குத்தான் காசு இருக்குன்னா பெரிய ஹீட்டர விட்டுட்டு லைட்ட வாங்குங்க.

குழாய் தண்ணி விஷயத்துல நம்ம பழக்கத்த அங்க கொண்டு போகாதீங்க. வாளியில ஒரு நாள் திறந்து வச்சா குளோரின் போயிடும்னு நாம செய்வோம், டொராண்டோ குழாய் தண்ணியில போடுறது குளோரமைன், அது குளோரினும் அம்மோனியாவும் சேந்தது, வச்சிருந்தா சீக்கிரம் போகாது. மீன் கடையில விக்கிற குளோரமைன் நீக்குற மருந்த அளவு பாத்துப் போட்டப்புறம்தான் டேங்க்ல ஊத்தணும்.

கரண்டு போனா

குளிர் நாட்டுல கரண்டு போறது பெரும்பாலும் பனிக்காலத்துலதான். 2013 டிசம்பர்ல டொராண்டோவுல மழை விழுந்து அப்படியே உறைஞ்சு மரமும் கம்பியும் சாஞ்சப்ப பல வீடுகளுக்கு நாள்கணக்குல கரண்டு இல்ல. அதுக்கு பேட்டரியில ஓடுற ஒரு சின்ன ஏர் பம்ப் வாங்கி டேங்க் பக்கத்துலயே வச்சிருக்கணும். கரண்டு போனதும் தீனிய நிறுத்துங்க, மூடிய இறுக்கமா போடுங்க, ஏர் பம்ப டேங்க்ல விடுங்க, குரோ பெட்ல இருக்கிற கல்லு காஞ்சு போகாம ஒரு கப்புல தண்ணி மொண்டு அப்பப்ப ஊத்துங்க, கல்லு ஈரமா இருந்தா பாக்டீரியா தாக்குப் பிடிக்கும். தண்ணி மெதுவா குளிர்ந்தா கோல்ட்ஃபிஷ் தாங்கும், அதனால கொதிதண்ணிய ஊத்தி திடீர்னு சூடாக்காதீங்க. கரண்டு வந்த உடனே தீனி போட வேணாம், ஒரு நாள் விட்டு அம்மோனியாவும் நைட்ரைட்டும் டெஸ்ட் பண்ணி, ரெண்டும் பூஜ்யமா இருந்தா வழக்கமா போடுறதுல கால்வாசிய போடுங்க.